வீட்டுத்தோட்டப் பயிர்காப்புச் சொற்களில் பொதிந்துள்ள மரபறிவு

முன்னுரை

வீட்டுத்தோட்டச் செடிகளைத் தாக்கும் பூச்சிகளையும் நோய்களையும் வேம்பு, மோர், பூண்டு, அடுப்புச்சாம்பல் முதலிய எளிய பொருள்களால் கட்டுப்படுத்தும் வழக்கம் தமிழகத்தில் இன்றும் உள்ளது. இவ்வழக்கம் பெரும்பாலும் வாய்மொழியாகவே வழங்கி வருகிறது. ஆகவே, அதனைத் தாங்கி நிற்கும் சொற்களைத் தொகுத்தலும் அவற்றின் பொருளை வரையறுத்தலும் தமிழாய்வின் பணிகளாகின்றன. நோய்ப்பெயர், செய்முறைச்சொல், ‘இயற்கை’ என்னும் அடைமொழி ஆகிய மூன்றன்வழி இப்பணியின் தேவையை இக்கட்டுரை விளக்குகிறது.

நோய்ப்பெயர்கள்

பயிர்நோய்ப் பெயர்கள் பலவும் கண்ணுக்குப் புலனாகும் குறியால் அமைந்தவை. இலைமேல் வெண்பொடி படிவது சாம்பல் நோய். பசுமையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகத் தோன்றுவது தேமல். செடி துவண்டு சாய்வது வாடல். மனிதத் தோலின் நிறமாற்றத்தைக் குறிக்கும் ‘தேமல்’ என்னும் சொல் இலைக்கும் வழங்குவது ஒப்புமையால் அமைந்த பெயரீட்டுக்குச் சான்றாகும்.

எனினும், குறியைச் சுட்டும் பெயர் காரணத்தைக் காட்டுவதில்லை. சாம்பல் நோய்க்குரிய பூஞ்சை பெரும்பாலும் இலைப்பரப்பின் மேலேயே வளர்வதால் தெளிக்கும் கரைசல் அதனைச் சென்றடைகிறது. வாடலோ மண்வாழ் பூஞ்சையாலோ பாக்டீரியாவாலோ வேர்வழி வருவது. இலைத்தெளிப்பு அதற்குப் பயன்தராது. தேமலுக்குப் பெரும்பாலும் நச்சுயிரியே காரணம். நோயுற்ற செடியை அகற்றுவதும், நோயைப் பரப்பும் அசுவினி, வெள்ளை ஈ போன்றவற்றைக் கட்டுப்படுத்துவதுமே அதற்கு வழி. இவ்வாறே, ‘பேன்’ என்னும் சொல் ஆறு கால்களையுடைய இலைப்பேனையும் எட்டுக் கால்களையுடைய சிலந்திப்பேனையும் ஒருங்கே தழுவுகிறது. பின்னது பூச்சியினமே அன்று. பெயர் மயங்கின் மருந்தும் மயங்கும்.

செய்முறைச் சொற்கள்

வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு 50 கிராம் பருப்பை இடித்து, சிறிதளவு நீரில் ஓரிரவு ஊறவைத்து, வடிகட்டி, 1 லிட்டராக நீர் சேர்த்து, சிறிது சோப்புக் கரைசல் கலந்து, மாலையில் தெளிப்பர். இவ்வினைகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. வேப்பவிதையிலிருந்து 1968இல் பட்டர்வொர்த், மார்கன் ஆகியோர் பிரித்தெடுத்த அசாடிராக்டின், பூச்சியின் உண்ணும் விருப்பத்தைத் தடுத்து அதன் தோலுரிப்பையும் குலைக்கிறது. இடித்தலும் ஊறவைத்தலும் அப்பொருளை நீரில் இறக்குகின்றன. அது வெயிலில் விரைந்து சிதைவதால் மாலைப்பொழுது ஏற்றதாகிறது. சோப்புக் கரைசல் மருந்தை இலையில் பரவச் செய்கிறது. மாவுப்பூச்சியின் மெழுகுறையை நனைக்கவும் உதவுகிறது.

சாம்பல் நோய்க்குப் புளித்த மோரை நீர்கலந்து தெளிப்பதும் உண்டு. பிரேசில் ஆய்வாளர் வாக்னர் பெட்டியோல் முதலியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, நீர்கலந்த பசும்பால் பூசணியினச் செடியின் சாம்பல் நோயைக் கட்டுப்படுத்துவதைக் காட்டியது. பாலுக்குக் கிடைத்த அம்முடிவு மோருக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ளலாகாது. மோரைத் தனியே ஆராய்தல் வேண்டும்.

‘இயற்கை’ என்னும் அடைமொழி

இயற்கையானது என்பதும் தீங்கற்றது என்பதும் ஒருபொருள் தருவன அல்ல. புகையிலைக் கரைசலிலுள்ள நிக்கோட்டின் மனிதர்க்கும் நஞ்சு. தோலின் வழியாகவும் உடலிற் சேரும். மேலும், பதப்படுத்திய புகையிலையிலும் அழியாது நிற்கும் தேமல் நச்சுயிரி தக்காளி, மிளகாய்ச் செடிகளுக்குத் தொற்றக்கூடும். அளவும் எச்சரிக்கையும் இன்றிப் பெயரை மட்டும் பதிவுசெய்யும் தொகுப்பு, பயன்படுத்துவோர்க்குத் தீங்கு விளைவிக்கும்.

பதிவின் தேவை

வேப்பெண்ணெய் கொண்டு பயிர்ப்பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் காப்புரிமை வழங்கியது. எதிர்ப்பு மனுவின்மேல் 2000இல் அது நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005இல் தள்ளப்பட்டது. வேம்பு இந்தியாவில் முன்னரே பயன்பட்டமைக்கான சான்றுகள் அவ்வழக்கில் முதன்மை பெற்றன. வழக்காறு மெய்யாயினும் சான்று இல்லையேல் அதனை நிறுவுதல் அரிது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

முடிவுரை

பயிர்காப்புச் சொற்றொகுப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் வட்டாரம், குறிக்கப்படும் உயிரி, மூலப்பொருளின் அளவு, செய்முறை, தெளிக்கும் காலம், எச்சரிக்கை ஆகிய ஆறும் இடம்பெறல் வேண்டும். இதற்கு வட்டார வழக்காய்வாளரும் வேளாண் அறிஞரும் இணைந்து களப்பணி ஆற்றுதல் இன்றியமையாதது. அவ்வாறு அமையும் தொகுப்பே அகராதிக்கும் தோட்டத்துக்கும் ஒருங்கே பயன்படும்.