எழுதுவோர், அழிப்போர், வாசிப்போர்

நம் செல்லுக்குள்ளும் எழுதுவோர், அழிப்போர், வாசிப்போர் உண்டு. விஞ்ஞானிகள் வைத்த பெயர்களே இவை. புரதம் செய்யும் கட்டளையைச் சுமப்பது தூது ஆர்.என்.ஏ. அதிலுள்ள அடினோசின் என்ற எழுத்தின்மேல் மெட்டில்-3 என்ற நொதி ஒரு மெத்தில் புள்ளி வைக்கிறது. தமிழில் புள்ளி ஒலியை மாற்றும். இங்கே கட்டளையின் ஆயுளை மாற்றும். எஃப்.டி.ஓ. என்ற நொதி அதை அழிப்பதை 2011இல் கண்டறிந்தார்கள். வேறு சில புரதங்கள் புள்ளியை வாசிக்கின்றன.

இரைப்பை, பெருங்குடல் புற்றுக்கட்டிகள் பலவற்றில் மெட்டில்-3 மிகுந்திருக்கிறது. பெருகச் சொல்லும் கட்டளைகள் சில அழியாமல் நீடிக்கின்றன.

“இதற்கு மாத்திரை வந்துவிட்டதா, சிஸ்டர்?” என்று கேட்கிறார்கள். அந்த நொதியைத் தடுக்கும் மருந்துகள் இன்னும் ஆய்வில்தான் இருக்கின்றன. ஆனால் கொலோனோஸ்கோபி இன்றே இருக்கிறது. மலத்தில் இரத்தம் கண்டால் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.