அம்மாவுக்குச் சர்க்கரை, மாமாவுக்குக் காது மந்தம்

பிள்ளை வளரவில்லையா? "இன்னொரு கிளாஸ் பால் கொடு" என்பார் பாட்டி. சில பிள்ளைகளுக்குப் பால் மட்டும் போதாது. உயிரணுவுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்றே 37 மரபணுக்கள் உண்டு. அவை தாயிடமிருந்து மட்டுமே வருபவை. அதில் பழுது என்றால் உயரம் குறையலாம், எலும்பு மெலியலாம், தசை தளர்ந்து முதுகுத்தண்டு வளையலாம்.

அம்மாவுக்குச் சர்க்கரை, மாமாவுக்குக் காது மந்தம், பிள்ளை குள்ளம். மூன்றையும் மூன்று டாக்டரிடம் காட்டுவோம். அந்த மரபணுத் தொடரில் 3243-ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறினாலே மூன்றும் ஒரே குடும்பத்தில் வரலாம். அரிதுதான், நம் வீடுகளில் இருக்கும் சர்க்கரை பெரும்பாலும் இதுவல்ல. ஆனால் காது மந்தமும் சேர்ந்திருந்தால், தாய்வழி விவரத்தை டாக்டரிடம் ஒன்றாகச் சொல்லுங்கள். மரபணுச் சோதனை இருக்கிறது.

அம்மாவைக் கைகாட்டும் உறவினர்களுக்கு ஒரு தகவல்: அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் சேர்ந்து வரும் மைட்டோகாண்ட்ரியா நோய்களும் உண்டு.