டர்போசார்ஜரைப் புதுப்பித்தல்: தகுந்த உறுப்புகளைத் தெரிந்தெடுக்கும் முறை

சம்பா அறுவடை நடைபெறும் தை, மாசி மாதங்களில் அறுவடை யந்திரம் வயல் நடுவே நின்றுவிடுமாயின், அதனால் விளையும் நஷ்டம் பழுது பார்க்கும் கூலியோடு முடிவதில்லை. முற்றிய கதிர் உதிர்வதும், சாய்ந்த பயிர் மழையில் நனைந்து முளைப்பதும் அதனோடு சேரும். யந்திரம் நிற்பதற்குரிய காரணங்களில் டர்போசார்ஜரின் கேடும் ஒன்றாகும். அதைச் செலவு செய்து புதுப்பித்தும், உள்ளுறுப்புகள் பொருந்தாமையால் மீண்டும் அதே பழுதுக்கு உள்ளாகும் விவசாயிகள் உண்டு.

அமைப்பு

இக்கருவிக்கு ஸ்விட்ஸர்லாந்து தேசத்து எஞ்சினியர் ஆல்பிரெட் பூக்கி 1905ஆம் ஆண்டில் பேடண்டு உரிமை பெற்றார். எஞ்சினிலிருந்து வெளிவரும் சூடான புகை டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள கம்ப்ரஸர் சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. மிகுதியான காற்றினால் மிகுதியான எரிபொருள் எரிந்து சக்தி பெருகுகிறது. தண்டு நிமிஷத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. அது பேரிங்குகளின் உலோகத்தின்மேல் உராய்ந்து ஓடுவதன்று. மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்து ஓடுவது. இடைவெளி மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகளே. ஆகையால், கையால் தள்ளிப் பார்த்து “சரியாகப் பொருந்துகிறது” என்று கொள்வது போதாது.

முதலில் காரணம் அறிதல்

புதிய உறுப்புகளை வாங்குமுன், பழையவை ஏன் கெட்டன என்று ஆராய வேண்டும். பேரிங்கில் கீறல்கள் இருப்பின் எண்ணெயில் அழுக்கு கலந்துள்ளது. தண்டு கறுத்தோ நீலநிறம் பாய்ந்தோ இருப்பின் எண்ணெய் போதிய அளவு வந்து சேரவில்லை. உள்ளே எண்ணெய் கரியாக உறைந்திருப்பின், யந்திரம் சூடாக ஓடிக்கொண்டிருக்கையில் திடீரென நிறுத்தப்பட்டிருக்கலாம். கம்ப்ரஸர் இதழ்கள் மழுங்கியிருப்பின், காற்றுவடிகட்டியின் வழியே மண் புகுந்துள்ளது. புகைக்குழாயில் நீலப்புகை கண்டவுடன் சீல்களைப் பழிப்பது வழக்கம். ஆனால் எண்ணெய் திரும்பும் குழாய் அடைபட்டாலும் அதே குறி தோன்றும். அப்போது எத்தனை சீல் மாற்றினும் பயனில்லை.

உறுப்புகள்

டர்போசார்ஜரின் தகட்டில் பொறித்துள்ள எண்ணைக் கொண்டே உறுப்புகளைக் கேட்க வேண்டும். டிராக்டரின் பெயரை மட்டும் சொல்வது போதாது. ஒரே வகை டிராக்டரில் வெவ்வேறு டர்போசார்ஜர்கள் அமைந்திருப்பதுண்டு.

பேரிங்குகள், த்ரஸ்ட் பேரிங், அதன் வளையம், சீல் ரிங்குகள், ரப்பர் வளையங்கள் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாக இடுவதே நலம். தண்டை மைக்ரோமீட்டரால் அளந்து, தயாரிப்பாளர் விதித்த எல்லைக்குள் இருந்தால் மட்டுமே மீண்டும் உபயோகிக்கலாம். தண்டு கடைந்து சிறிதாக்கப்பட்டிருப்பின், அவ்வளவுக்கேற்ப உள்விட்டம் குறைந்த பேரிங் வேண்டும். சாதாரண அளவுள்ளதை இட்டால் தண்டு ஆடி, சக்கரத்தின் இதழ்கள் உறையில் உராயும். அவ்வாறே நடு உறையின் துளை பெரிதாக்கப்பட்டிருப்பின் வெளிவிட்டம் மிகுந்த பேரிங் தேவை.

வளைந்த இதழ்களைக் கைக்கருவியால் நிமிர்த்தல் கூடாது. அவை பிறகு முறிந்து எஞ்சினுக்குள்ளும் போகக்கூடும். அதிக சக்தி வேண்டுமென்று பெரிய சக்கரத்தை இடுவதும் தவறு. உறையும் சக்கரமும் எஞ்சினுக்கேற்ப ஒன்றோடொன்று இசைந்தவை. அவ்விசைவு குலைந்தால், குறைந்த வேகத்தில் காற்றுப் போதாமல் கரும்புகையும் அதிகச் சூடும் உண்டாகும்.

உறுப்புகளைக் கோத்தபின் சுழலும் பாகம் முழுவதையும் சமநிலைப் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்கு வசதியில்லாத பட்டறையில் இவ்வேலையை ஒப்படைக்கலாகாது. தண்டும் நடு உறையும் ஒருங்கே கெட்டிருப்பின், சமநிலை செய்யப்பட்ட முழு கார்ட்ரிஜை வாங்குவது, தனித்தனி உறுப்புகளுக்கு ஆகும் செலவையும் காலத்தையும் ஒப்பிட்டால் லாபகரமாக இருக்கலாம்.

பொருத்திய பின்

எண்ணெய்க் குழாய்களைச் சுத்தம் செய்து, எண்ணெயையும் வடிகட்டிகளையும் மாற்ற வேண்டும். எண்ணெய் வழிகளின் இணைப்பில் பசை தடவலாகாது. அதன் துணுக்குகள் வழியை அடைக்கும். யந்திரத்தைக் கிளப்புமுன் டர்போசார்ஜருக்குள் சிறிது சுத்தமான எண்ணெய் விடுதல் அவசியம். நிறுத்துமுன் இரண்டு, மூன்று நிமிஷம் மெதுவாக ஓடவிடும் வழக்கத்தை ஓட்டுநர்கள் கைக்கொள்ள வேண்டும்.

யந்திரங்களை வாடகைக்கு விடும் சங்கங்களின் பொறுப்பாளர்களும் கிராம அதிகாரிகளும் தகட்டு எண், எண்ணெய் மாற்றிய தேதி, இட்ட பேரிங்கின் அளவு ஆகியவற்றை ஒரு புத்தகத்தில் குறித்துவைப்பாராக. பின்னால் பழுது நேரும்போது பட்டறைக்காரரின் ஊகத்தை நம்பி உறுப்பு வாங்க நேராது. உறுப்பின் விலையைக் கேட்குமுன் கேட்டின் காரணத்தைக் கேட்பதே விவேகம்.