நூற்பாலையிலிருந்து கணிப்பொறிக்கு: கோவை கடந்துவரும் பாதை

சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் மகளாகவும், வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் உருவகித்து, 'நூல்' என்னும் பெயருக்குக் காரணம் கூறும் நன்னூல். தமிழ்த்துறை மாணவர் அனைவரும் அறிந்த செய்தி இது. கொங்கு நாட்டு மாணவர்க்கு இவ்வுருவகம் விளக்கமே வேண்டாததாய் இருந்த காலம் ஒன்றுண்டு. தெருவுக்குச் சிலரேனும் மில்லுக்குச் சென்றுவந்தனர். கதிர் இன்னது என்பதை வீட்டுத் திண்ணையிலேயே கேட்டறியலாம். இன்று வகுப்பில் கதிர் என்றால் நெற்கதிரும் ஞாயிற்றின் கதிருமே மாணவர் நினைவுக்கு வருகின்றன. இச்சிறு மாற்றத்தின் பின்னே, ஒரு நகரத்தின் பிழைப்பே இடம் மாறிய வரலாறு இருக்கிறது.

வளர்ந்த நாடுகளில் ஆலைத் தொழில் தளர்ந்து, கல்வி, மருத்துவம், வங்கி, செய்தித்தொடர்பு முதலிய பணித்துறைகள் மேலோங்குவதை அமெரிக்கச் சமூகவியலறிஞர் டேனியல் பெல் 1973-இல் ஒரு நூலாகவே எழுதினார். அம்மாற்றத்தை உரைத்துப் பார்க்க நமக்கு ஏற்ற ஊர் மான்செஸ்டர். கோவையைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று அழைத்துப் பெருமைப்பட்டவர்கள் நாம் அல்லவா? பெயர் கொடுத்த ஊரின் பிற்கால வரலாற்றைத்தான் நாம் அதிகம் கேட்டதில்லை. முதல் உலகப் போருக்குப் பின்னரே லங்காஷயர் பருத்தித் தொழில் சரியத் தொடங்கிவிட்டது. 1931-இல் காந்தியடிகள் அங்குச் சென்று, வேலையிழந்து நின்ற ஆலைத் தொழிலாளரைச் சந்தித்தார். 1959-இல் பழைய தறிகளையும் கதிர்களையும் உடைத்தெறிவதற்கு அரசே பணம் தரும் சட்டம் இயற்றப்பட்டது. மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டின் கப்பல்துறை 1982-இல் மூடப்பட்டது. அதே இடத்திற்கு 2011-இல் பி.பி.சி. நிறுவனம் தன் பிரிவுகள் பலவற்றைக் கொண்டுவந்தது. மூட்டை இறக்கிய இடத்தில் ஒளிபரப்பு நடக்கிறது. ஆயின் இடையில் கழிந்த ஆண்டுகள் ஏறத்தாழ முப்பது என்பதையும் எண்ண வேண்டும். மூட்டை சுமந்தவரே ஒளிபரப்பாளர் ஆகிவிடவில்லை.

கோவையின் கதைக்கு வருவோம். சர் இராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-இல் தொடங்கிய ஆலையும், குப்புசாமி நாயுடு 1910-இல் தொடங்கிய லட்சுமி மில்லும் முன்னோடிகள். எனினும் ஆலைகள் பல்கிப் பெருகியது, 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் கிடைக்கத் தொடங்கிய பின்னரே. லங்காஷயர் இறங்கிய வேளையில் கோவை ஏறியது. அம்மின்சாரம் ஆலைக்குள் மட்டும் புகவில்லை. கிணற்று மேட்டிற்கும் சென்றது. மழை குறைந்த கொங்கு மண்ணில் ஆழக்கிணறு வெட்டிக் கவலை இறைத்து வந்த உழவர்க்கு மோட்டாரும் பம்பும் தேவைப்பட்டன. ஆலை எந்திரங்களைப் பழுது பார்த்துப் பழகிய கைகள் அருகிலேயே இருந்தன. இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டார் எனப் போற்றப்படுவது, ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு ஆகியோர் முயற்சியால் 1937-இல் கோவையில் பிறந்தது இவ்வாறுதான். பஞ்சாலையின் பழுதுபார்க்கும் கொட்டகையே பம்புத் தொழிலுக்குத் தாய்வீடு எனின் மிகையன்று. பின்னர் வந்த ஆவாரம்பாளையம், கணபதிப் பகுதிகளின் லேத் பட்டறைகள், பவுண்டரிகள், மாவரைக்கும் கிரைண்டர்கள் யாவும் அக்கொடியில் பூத்தவையே.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கோவை முதன்முறை தொழில் மாறியபோது ஒரு படிக்கட்டு இருந்தது. எழுத்தறியாதவரும் மில்லில் பதிலியாக நுழையலாம். சில ஆண்டுகளில் நிரந்தரம் ஆகலாம். வைப்புநிதி, போனஸ், சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை ஆகியவை பிறகு வந்தன. இவை முதலாளிமாரின் கருணையால் மட்டும் வந்தவை அல்ல. ரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8-இல் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். சின்னியம்பாளையம் இன்றும் அவர்களை நினைவுகூர்கிறது. அத்தகைய விலை கொடுத்துப் பெற்ற வேலையில் இருந்தவர், தம் மகனைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பினார்; மகன் பட்டறை வைத்தான். ஒரு தலைமுறை மற்றொரு தலைமுறையைத் தோள்மேல் ஏற்றிவிட முடிந்தது.

பின்னர் ஆலைகள் என்னவாயின? நலிந்த ஆலைகளை அரசு ஏற்றது. 1968-இல் தோன்றிய தேசியப் பஞ்சாலைக் கழகத்தின்கீழ், 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடெங்கும் 103 ஆலைகள் வந்தன. அக்கழகம் கோவையில் நடத்திய கம்போடியா, பங்கஜா, முருகன் முதலிய ஆலைகள் 2020 மார்ச்சில் பெருந்தொற்றின்போது நிறுத்தப்பட்டன. ஊரடங்கு நீங்கிய பின்னும் அவை திறக்கப்படாமையால், பாதி ஊதியம் பெற்றுவந்த தொழிலாளர் வாயிற்கூட்டம் நடத்திப் போராடினர்.

ஆனால் நூற்புத் தொழில் கொங்கு நாட்டைவிட்டு ஓடிவிட்டது என்று எண்ணுவது பிழை. மான்செஸ்டரின் தொழில் கடல் கடந்தது. கோவையின் தொழிலோ பல்லடம், உடுமலை, திண்டுக்கல் பக்கங்களுக்குப் பெயர்ந்தது. கதிர்கள் இன்றும் சுழல்கின்றன. மாறியவர் அவற்றின் முன் நிற்பவர். நிரந்தரத் தொழிலாளியின் இடத்தில், தென்மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிய இளம்பெண்கள் நின்றனர். மூன்றாண்டு முடிவில் ஒரு தொகை தருவதாகச் சொல்லி ஆள் சேர்த்த அம்முறைக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயரிட்டவரின் சொல்வன்மையை என்னென்பது! இப்பொழுது ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு இளைஞர் நிற்கின்றனர். ஆகவே வளர்ந்த நாடுகள் கடந்துவிட்டதாகச் சொல்லும் ஆலைக்காலத்தை நாம் கடக்கவில்லை. நம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வைத்திருக்கிறோம்.

நகருக்குள் காட்சி வேறு. 2010-இல் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. சரவணம்பட்டிச் சாலையில் மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்தன. லட்சுமி மில் வளாகத்தில் 2023-இல் லுலு பேரங்காடி வந்தது. இவற்றுள் இன்று இளைஞர்க்குச் சோறிடும் வேலைகள் உண்டு. அதனை மறுப்பது நன்றன்று. ஆயின் இவ்விரண்டாம் மாற்றத்தில் அந்தப் பழைய படிக்கட்டைக் காணோம். கணிப்பொறி முன் அமர்பவர் பட்டமும் ஆங்கிலமும் கொண்டு நேரே மேல்மாடிக்குச் செல்கிறார். அவையில்லாதவர் அதே கட்டடத்தின் வாயிற்காவலராகவோ, துப்புரவாளராகவோ, உணவுப்பொட்டலம் கொணர்பவராகவோ நிற்கிறார். கீழ்நிலையில் பத்தாண்டு உழைத்தாலும் அவ்வுழைப்பு மேல்மாடிக்கு வழியாவதில்லை. பதிலிக்கு இருந்த நம்பிக்கை இவருக்கு இல்லை. பேரூர்ச் சாலை, உக்கடம், கரும்புக்கடைப் பகுதிகளிலிருந்து நம் கல்லூரி போன்றவற்றிற்கு வரும் முதல் தலைமுறை மாணவர் பலர் இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பதை ஆசிரியராகிய நாம் நாள்தோறும் காண்கிறோம்.

படிக்கட்டு முற்றும் இடிந்துவிட்டதா எனின், ஓரிடத்தில் இன்னும் இருக்கிறது. நூற்பு எந்திரம் செய்வதற்கென 1962-இல் தோன்றிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், 1988-இல் கணிப்பொறிவழி இயங்கும் கடைசல் எந்திரங்களையும் செய்யத் தொடங்கியது. இத்தகைய எந்திரங்கள் சிறு பட்டறைகளிலும் புகுந்துவிட்டன. இதனை இயக்குபவர்க்கு இரும்பின் இயல்பும் தெரிய வேண்டும், வரைபடம் படிக்கவும் தெரிய வேண்டும், கட்டளை நிரலும் தெரிய வேண்டும். கையறிவும் கணிப்பொறி அறிவும் கூடுமிடம் இது. ஆயின் நம் வீடுகளில் பொறியியல் பட்டத்திற்குள்ள மதிப்பு, தொழிற்பயிற்சி நிலையச் சான்றிதழுக்கு இல்லை. கல்வி உதவித்தொகை வழங்கும் சமுதாயப் பெரியோரும் விண்ணப்பங்களைப் பட்டப்படிப்பின் வரிசையிலேயே அடுக்குகின்றனர். பட்டறையில் எண்ணெய்க் கையுடன் நிற்கும் பதினெட்டு வயதினனும் மாணவனே. வரும் கல்வியாண்டின் உதவித்தொகைப் பட்டியலில் அவனுக்கும் சில இடங்களை ஒதுக்க வேண்டுமென்பது, தமிழ் கற்பிக்கும் நாம் பெரியோர் முன் வைக்கும் வேண்டுகோள்.