ஆமைகளுக்காக மூடப்படும் ஒடிசா கடல்

புதுதில்லி: ஆண்டுதோறும் நவம்பர் 1-ஆம் தேதி ஒடிசாவின் தாம்ரா, தேவி, ருஷிகுல்யா முகத்துவாரங்களில் விசைப்படகுகளுக்குக் கடல் மூடப்படுகிறது. கரையிலிருந்து 20 கி.மீ. வரை மே 31-ஆம் தேதி வரை இழுவலை கூடாது. குளிர்காலத்தில் அங்கு திரளும் ஆலிவ் ரிட்லி ஆமைகளே காரணம். தமிழகக் கடற்கரையில் பங்குனி ஆமை என்று அழைக்கப்படுபவை இவைதாம்.

இந்த அக்கறை பிந்தி வந்தது. கஹிர்மாதா கடற்கரை 1974-இல்தான் அறிவியல் உலகின் கவனத்துக்கு வந்தது. அதுவரை ஆமை முட்டைகள் அரசு உரிமத்துடன் அள்ளப்பட்டு, படகு படகாகக் கல்கத்தாவுக்குச் சென்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 1977-இல் ஆமை சேர்க்கப்பட்டது. இந்திரா காந்தி ஆட்சிக் காலத்தில் கடலோரக் காவல்படை ரோந்தில் இறங்கியது. 1997-இல் கஹிர்மாதா கடல்சார் சரணாலயமாயிற்று.

ஆயினும் குளிர்காலந்தோறும் ஆயிரக்கணக்கான ஆமைகளின் உடல்கள் கரை ஒதுங்குகின்றன. ஆமை நுரையீரலால் சுவாசிப்பது. அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். மணிக்கணக்கில் இழுக்கப்படும் வலையில் சிக்கினால் மூச்சுத் திணறி மடியும். வலையில் கம்பிச் சட்டம் பொருத்தி ஆமையை வெளியேற்றும் விலக்குக் கருவி உண்டு. அதைப் பொருத்தினால் இறாலும் மீனும் சேர்ந்து வெளியேறிவிடும் என்பது படகு உரிமையாளர்களின் வாதம். இதே கருவியைக் காரணம் காட்டி அமெரிக்கா இறாலைத் தடுத்தபோது, 1996-இல் இந்தியா உலக வர்த்தக அமைப்பில் வழக்காடியது. 2019-இல் அமெரிக்கா மீண்டும் இந்தியக் கடல் இறாலுக்குத் தடை விதித்தது. இழப்புக்கு அஞ்சிப் பொருத்தாத கருவி, அதைவிடப் பெரிய இழப்பைக் கொண்டுவந்தது.

பொறுப்பு யாருடையது என்பதிலும் சிக்கல் இருக்கிறது. அரசியல் சட்டப்படி மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ளது. 12 கடல் மைலுக்கு அப்பால் அது மத்திய அரசின் அதிகாரம். வனவிலங்குப் பாதுகாப்போ பொதுப் பட்டியலில். ரோந்துக் கப்பல் பாதுகாப்பு அமைச்சகத்துடையது. ஆமை செத்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்ட வசதியான ஏற்பாடு!

ஏவுகணைத் தளமான அப்துல் கலாம் தீவு கஹிர்மாதாவுக்கு அருகில் உள்ளது. முட்டையிடும் பருவத்தில் வெளிச்சமும் ஓசையும் இடையூறாகாதிருக்க, ஜனவரி முதல் மார்ச் வரை சோதனைகளை நிறுத்திவைக்க 2022 டிசம்பரில் இசைவு கிடைத்தது. ராணுவத்தால் விட்டுக்கொடுக்க முடிந்தது. அதற்கு வயிற்றுப்பாடு இல்லை.

மீனவர்களுக்கு இருக்கிறது. கிழக்குக் கடற்கரை முழுமைக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தனியே மீன்பிடித் தடை உண்டு. இரண்டையும் சேர்த்தால் இம்முகத்துவாரங்களில் விசைப்படகுக்கு ஏழரை மாதம் கடல் இல்லை. எஞ்சிய நாலரை மாதத்தில் பெரும்பகுதி தென்மேற்குப் பருவமழைக் காலம். மாநில அரசு வழங்கும் நிவாரணம் போதாது என்ற குறை ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது.

ருஷிகுல்யாவில் 2024-இல் ஆமைகள் கூட்டமாக வந்து முட்டையிடவில்லை. 2025 பிப்ரவரியிலோ ஏறத்தாழ 7 லட்சம் ஆமைகள் கரையேறின. அங்கு இரவில் விழித்திருந்து குழிகளைக் காத்தவர்களில், தடையால் படகு கரையில் நிற்கும் மீனவக் குடும்பத்து இளைஞர்களும் உண்டு.