‘ஹார்ட்லி’ என்னும் வினையடை

‘கடுமை’யோடு ‘ஆக’ சேரக் ‘கடுமையாக’ என வினையடை பிறத்தல் தமிழியல்பு. இதனையொப்ப, ‘ஹார்ட்’ என்னும் ஆங்கிலப் பெயரடையோடு ‘லி’ சேர்த்து, ‘ஐ வேர்க்ட் ஹார்ட்லி’ என நம் மாணவர் எழுதுவதைப் பலகாற் கண்டுள்ளோம். கடுமையாக உழைத்தேன் என்பது அவர் கருத்து. ஆங்கிலம் அறிந்தார்க்கோ உழைப்பே இல்லை என்பதுபோல ஒலிக்கும். தொழில் கோரும் விண்ணப்பத்தில் இவ்வோரெழுத்து விளைக்கும் கேடு சிறிதன்று.

பழைய ஆங்கிலத்தில் இப்பெயரடை ஈற்றில் ‘எ’கரம் பெற்று வினையடையாயிற்று. பின்னர் அவ்வீறு மறைந்தமையால் இரண்டும் ஒருவடிவாயின. ‘லி’ ஈற்று வடிவமும் முன்னர் ‘வன்மையாக’ என்றே பொருள்பட்டது. ‘அரிதாக’ என்பது பிற்காலப் பொருள். எனவே ‘ஐ வேர்க்ட் ஹார்ட்’ என்பதே பொருந்தும். ‘ஐ கான் ஹார்ட்லி ஹியர்’ எனின், எனக்குக் கேட்பதே அரிது என்பதாம். எதிர்மறை அச்சொல்லினுள்ளேயே அடங்கியிருத்தலின் அங்கு ‘நொட்’ வேண்டா.