சட்ட மாணவரும் சட்டச் சஞ்சிகையும்

சட்டம் பயிலும் மாணவருக்கு விரிவுரை மண்டபமும் நூல்நிலையமும் நீதிமன்றமும் பயிற்சிக் களங்களாக அமைதல் யாவரும் அறிந்ததே. இவற்றோடு நான்காவதாக ஒரு களமும் உண்டு. அது மாணவர் தாமே ஆசிரியர் குழுவாக அமர்ந்து நடத்தும் சட்டச் சஞ்சிகையாகும். மருத்துவம் முதலிய துறைகளில் ஆராய்ச்சி ஏடுகளை முதிர்ந்த அறிஞர் நடத்துவர். மாணவர் அவற்றைப் படிப்பர். அமெரிக்க நாட்டுச் சட்டத் துறையிலோ இம்முறை தலைகீழாயிற்று. பேராசிரியர் எழுதியனுப்பும் கட்டுரையை ஏற்பதா தள்ளுவதா என்று தீர்மானிப்போர் இன்னும் பட்டம் பெறாத மாணவர். விந்தையான இவ்வேற்பாடு எவ்வாறு நடைபெறுகின்றது, அதிற் சேரும் மாணவர் பெறுவது யாது என்பவற்றை அறிதல் யாழ்ப்பாணத்துச் சட்ட மாணவருக்கும் பயனுடைத்து.

1887ஆம் ஆண்டில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துச் சட்ட மாணவர் சிலர் ஒரு சஞ்சிகையைத் தொடங்கினர். அப்பள்ளியிற் பயின்று வழக்கறிஞராயிருந்த லூயி பிராண்டைஸ் அவர்களுக்குத் துணைநின்றார். மூன்றாண்டு கழித்து, 1890இல், அவரும் சாமுவேல் வாரனும் சேர்ந்தெழுதிய கட்டுரையொன்று அச்சஞ்சிகையில் வெளிவந்தது. ஒருவருடைய தனிவாழ்வைப் பிறர் துருவி ஆராயாதிருக்கச் சட்டம் காவல் செய்தல் வேண்டும் என்பது அதன் பொருள். அமெரிக்கச் சட்டத்தில் அந்தரங்க உரிமை என்பது வளர்ந்தமைக்கு அதுவே வித்தாயிற்று என்பர். மாணவர் நடத்திய, மூன்று வயது மட்டுமே நிரம்பிய ஏடொன்றில் அது வந்தது என்பதை நினைக்கும்போது வியப்புண்டாகின்றது.

இத்தகைய சஞ்சிகையிற் சேர்வது எளிதன்று. தொடக்கத்திற் பரீட்சைப் புள்ளிகளே பெரும்பாலும் வாயிலாக இருந்தன. அவ்வாயிலினூடாகச் சென்றவர்களுள் ஒருவர் சார்ள்ஸ் ஹமில்டன் ஹூஸ்டன். ஹாவார்ட் சஞ்சிகையின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதலாவது கறுப்பினத்தவர் அவரே. பள்ளிகளில் நிறப்பாகுபாட்டை ஒழித்த 1954ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு வழிசமைத்த வழக்கறிஞர்களுள் அவர் தலையாயவர். பிற்காலத்தில் எழுத்துப் போட்டியும் வந்து சேர்ந்தது. முதலாண்டு முடிவில் மாணவர் கையில் ஒரு கட்டுத் தாள் கொடுக்கப்படும். அதிலுள்ள தீர்ப்புகளையும் சட்டப் பிரிவுகளையும் மாத்திரம் கொண்டு, குறித்த நாளுக்குள், ஒரு வழக்கைப் பற்றிக் குறிப்புரை எழுதல் வேண்டும்; வேண்டுமென்றே பிழைகள் புகுத்தப்பட்ட பகுதியொன்றைத் திருத்தவும் வேண்டும். எழுதியவர் பெயர் மறைக்கப்பட்டே விடைகள் மதிப்பிடப்படுகின்றன.

சேர்ந்தபின் கிடைக்கும் வேலை பெருமைக்குரியதாகத் தோன்றாது. புதியவர் செய்வது அடிக்குறிப்புச் சரிபார்த்தல். கட்டுரையாளர் ஒரு தீர்ப்பைக் குறிப்பிட்டால், அத்தீர்ப்பை எடுத்து, சொல்லப்பட்ட பக்கத்தில் சொல்லப்பட்ட கருத்து உண்டா, பின்வந்த தீர்ப்போ சட்டமோ அதனை மாற்றிற்றா என்று பார்த்தல் வேண்டும். இதன் அருமையை நம் நாட்டு உதாரணம் ஒன்றினால் விளக்கலாம். தேசவழமைப்படி தேடியதேட்டம் யாது என்பதை 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வரையறுத்தது. 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவ்வரையறையை மாற்றி, கணவன் அல்லது மனைவியின் தனிச்சொத்துக்கு ஈடாக வந்த பொருளைத் தேடியதேட்டத்தினின்றும் நீக்கிற்று. ஆகவே, மனைவி தன் சீதனக் காசைக் கொடுத்து வாங்கிய காணி பற்றி 1947க்கு முற்பட்ட தீர்ப்பொன்றை ஒருவர் மேற்கோள் காட்டுவாராயின், பக்க எண் சரியாயிருப்பினும் சட்டம் பிழையாகிவிடலாம். இதனைக் கண்டுபிடிக்கும் மாணவர் அந்நாளிற் கற்றதை எளிதில் மறவார்.

இம்முறையைக் குறைகூறியோரும் உளர். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரெட் ரொடெல் 1936இல் வெர்ஜீனியாச் சட்டச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதி, இவ்வேடுகளின் நடையும் பொருளும் இரண்டும் பயனற்றவை என்று சாடினார். அவர் கூறியது மிகை. ஆயினும் அடிக்குறிப்புக் காட்டினுள் கருத்து மறைந்துபோதல் உண்மையே. இன்னொன்று: அச்சாட்டை வெளியிட்டதும் ஒரு சட்டச் சஞ்சிகையே.

இலங்கையிலே சட்டக் கல்லூரித் தமிழ் மாணவர் மன்றம் வெளியிடும் நீதிமுரசு இவ்வகை முயற்சியாகும். அமெரிக்க ஏடுகளைப் போன்ற கட்டுப்பாடான போட்டியும் சரிபார்ப்பும் கொண்டதன்று. மலர் என்னும் இயல்புடையது. எனினும் தமிழிற் சட்டம் எழுதப்படும் இடங்கள் மிகச் சில என்பதை எண்ணினால் அதன் மதிப்புப் புலனாகும். நாட்டின் வடகிழக்கில் கீழ்நிலை நீதிமன்றங்களின் பதிவுமொழி தமிழ். மேல்நிலைத் தீர்ப்புகளோ ஆங்கில அறிக்கைத் தொகுதிகளிலேயே பெரிதும் உள்ளன. தேசவழமை பற்றி நீதியரசர் எச். டபிள்யூ. தம்பையா எழுதிய நூலும் ஆங்கிலத்ததே. சேர் பொன்னம்பலம் இராமநாதன் இளம் வழக்கறிஞராயிருந்தபோது பழைய தீர்ப்புகளைத் தேடித் தொகுத்து வெளியிட்ட அறிக்கைகளும் அவ்வாறே. அவர் 1921இல் திருநெல்வேலியில் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் வளவிலேதான் 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தோன்றிற்று. அப்பல்கலைக்கழகத்திலே இன்று சட்டத்துறையும் உண்டு.

தமிழிற் சட்டம் எழுதப் புகும் மாணவர் முதலில் இடறுவது சொல்லிலே. தமிழ்நாட்டு நூலில் உயர் நீதிமன்றம் என்பது மாநிலத்தின் தலைமை நீதிமன்றம். அதற்கு மேலே உச்ச நீதிமன்றம் உண்டு. இலங்கையிலோ உயர் நீதிமன்றம் என்பதே நாட்டின் அதியுயர் மன்றம். அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றமும் மேல் நீதிமன்றமும் உள்ளன. இதனை உணராது சென்னை நூலொன்றிலிருந்து எடுத்தெழுதுபவர் எந்த நீதிமன்றம் எதனைக் கட்டுப்படுத்தும் என்னும் முறையையே குழப்பிவிடுவார். இத்தகைய சொற்களை ஒருமைப்படுத்த ஓர் ஆசிரியர் குழு வேண்டும். அக்குழு மாணவர் குழுவாயிருத்தலில் இழுக்கொன்றுமில்லை.

யாழ்ப்பாணத்துக்கு இது புதிய வழக்குமன்று. 1706இல் ஒல்லாந்த ஆள்பதியின் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இந்நாட்டு வழமைகளைத் தொகுத்தபோது, அத்தொகுப்புத் தமிழிற் பெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களிடம் பார்வைக்கு விடப்பட்டது. அவர்கள் படித்து ஒப்பிய பின்னரே அது சட்டமாக நடைமுறைக்கு வந்தது. அயலார் ஒருவர் எழுதியதை ஊரறிந்தோர் வரிவரியாகப் பார்த்த அச்செயலும் ஒருவகைச் சரிபார்ப்பே. அம்முதலியார்களின் இடத்திற் பெண்கள் இருந்திருந்தால் எவ்வெவ்வரிகள் மாறியிருக்கும் என்று வினவுதலும் தகும்.

அவ்வினா இன்றும் உயிருள்ளது. தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு கூறுகின்றது. கணவன் இருக்குமிடம் தெரியாதவிடத்து மாவட்ட நீதிமன்றில் மனுச்செய்து அச்சம்மதத்திற்குப் பதிலாக நீதிமன்றின் அனுமதியைப் பெறலாம் என்று 8ஆம் பிரிவு வழிகாட்டுகின்றது. 2009இல் முடிந்த போரிலே கணவன் காணாமற்போன பெண்ணொருத்தி, பிள்ளையின் படிப்புச் செலவுக்காகக் காணித்துண்டொன்றை விற்க நொத்தாரிசிடம் சென்று, சம்மதமின்றி உறுதி முடிக்க இயலாது என்ற சொல்லோடு திரும்புவாளாயின், அவளுக்கு வேண்டப்படுவது இந்த 8ஆம் பிரிவே. அம்மனுவில் எவற்றைக் கூறல் வேண்டும், எச்சான்றுகளை இணைத்தல் வேண்டும், இதுவரை வந்த தீர்ப்புகள் யாவை என்பவற்றைத் தெளிந்த தமிழில், சரிபார்த்த அடிக்குறிப்புகளோடு, நான்கு பக்கத்தில் எழுதுவது இரண்டாமாண்டு மாணவர் ஒருவருக்கு ஒரு தவணைக்கால வேலை.